வன்னிக் குளத்துக்கும் ஆற்றுக்கும் எந்தப் பிளை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசெம்பரிலும் ஓகஸ்ட்டிலும் வெளிநாட்டில் இருந்து ஊருக்கு வருகிறவர்களின் பெட்டிக்குள், சொக்லேட்டுக்கும் கோடாலித் தைலத்துக்கும் நடுவில் இப்போது பிளைத் தடியும், அதாவது பொய் இரை கட்டி மீன் பிடிக்கும் தூண்டில் தடியும், வரத் தொடங்கிவிட்டது. வந்த இரண்டாம் நாளே எனக்கு அழைப்பு வரும். பத்து வருடத்துக்கு முன் கனடாவில் இருந்து வந்த என் மச்சான் தன் தடியை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். அதோடு கிளிநொச்சிப் பக்கத்துக் குளக்கட்டுகளில் நான் நிற்பதைக் கண்டவர்கள்தான் என் நம்பரைக் கொடுத்துவிடுகிறார்கள். கேள்விகள் அநேகமாக ஒரே கேள்விகள்தான். இனி இதை அனுப்பிவிடலாம் என்று எழுதி வைத்தேன்.

"பிளை எண்டா என்ன அண்ணை? ஈயைப் பிடிச்சு முள்ளில குத்துறதோ?"

இல்லை. தூண்டில் முள்ளில் இறகு, மயிர், நூல், றப்பர் இவற்றைக் கட்டிச் செய்யும் பொய் இரைக்குத்தான் பிளை என்று பெயர். ஈ மாதிரித்தான் இருக்கவேண்டும் என்றில்லை. தவளை, சின்ன மீன், இறால், தும்பியின் குஞ்சு எல்லாம் பிளையாகக் கட்டலாம்.

நம் தூண்டிலில் ஈயக்குண்டின் பாரம்தான் தங்கூசியை இழுத்துக்கொண்டு போகும். பிளைக்குப் பாரமே இல்லை. அதனால் இங்கே நூலே தடிப்பாக, பாரமாக இருக்கும். நூலை எறிகிறோம், அதன் நுனியில் கட்டிய தங்கூசியோடு பிளை கூடப் போகிறது. நூலுக்கும் தடிக்கும் பார இலக்கம் உண்டு. ஒரே ஒரு தடி கொண்டு வருவதென்றால் 6ஆம் இலக்கம் போதும். விரால்தான் ஆசை என்றால் 7 அல்லது 8.

"இங்க ட்ரவுட்டுக்கு வைச்சிருக்கிற பெட்டியையே கொண்டு வரலாமோ?"

கொண்டு வரலாம், பத்தில் எட்டு வெளியே வராது. ட்ரவுட் குளிர்த் தண்ணி மீன். தண்ணி 20 பாகைக்கு மேலே சூடானாலே அதற்கு மூச்சு முட்டும். வெள்ளைக்காரர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நுவரெலியாப் பக்கம் கொண்டு வந்து விட்டது மலையில்தான் நிற்கிறது, வன்னிக்கு இறங்காது. அந்தப் பெட்டியில் இருக்கும் அடம்ஸ், எல்க் ஹெயர் கடிஸ் எல்லாம் குளிர் ஓடைகளில் ஒரே நேரத்தில் கூட்டமாகப் பறக்கும் பூச்சிகளைப் பார்த்துக் கட்டியவை. நம் குளத்தில் அந்தத் திருவிழா இல்லை. ஈசல் மட்டும் விதிவிலக்கு, அது பிறகு வருகிறது.

இரண்டை மட்டும் வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். ஒன்று பெசன்ட் டெயில். ஃபிராங்க் சோயர் என்ற இங்கிலாந்து ஆற்றுக் காவலர் பெசன்ட் பறவையின் வால் இறகையும் மெல்லிய செப்புக் கம்பியையும் மட்டும் வைத்துக் கட்டியது அது, நூல்கூடப் பாவிக்கவில்லை. மற்றது வூலி பகர். குறிப்பாக எந்த உயிரைப் போலவும் இல்லாததாலேயே அது எல்லா ஊரிலும் எடுபடுகிறது.

"சரி, இங்க பிளைக்கு வாற மீன் என்னென்ன?"

விரால், குறவை, யப்பான் (திலாப்பியாவைத்தான் சொல்கிறேன்), கெண்டை வகைகள், உளுவை, பனையேறி. இருட்டுப் படும் நேரம் கெழுத்தியும் சில நாள் வாளையும். றோகுவும் கட்லாவும் குளங்களில் விடப்பட்டிருக்கின்றன. ஆனால் கட்லா தண்ணியில் மிதக்கும் நுண்ணுயிரை வடித்துத் தின்னும் மீன், அதை நம்பித் தடியைத் தூக்காதீர்கள்.

"கதையை விட்டிட்டு அஞ்சு பிளையைச் சொல்லுங்கோ. கடையில நிக்கிறன்."

தவளைப் பிளை, றப்பர் நுரையில் செய்தது, களை பிடிக்காமல் முள்ளுக்கு முன்னால் தங்கூசி வளையம் கட்டியது: மூன்று. கறுப்பு வூலி பகர்: ஆறு. வெள்ளையும் சாம்பலும் கலந்த, சின்ன மீன் மாதிரிக் கட்டிய கிளவுசர் மினோ: நான்கு. சின்ன மணி வைத்த பெசன்ட் டெயில்: ஆறு. றப்பர் நுரை வண்டு, கபில நிறமும் கறுப்பும்: வேண்டிய அளவு. அது மலிவு, ஈசலுக்கும் எறும்புக்கும் அதுவே உதவும்.

ஆறாவதாக ஒன்று இருக்கிறது, அதை யப்பான் மீன் பற்றிய கேள்வியில் சொல்கிறேன். கடைக்காரர் முன்னால் சொல்ல எனக்கே வெட்கம். இணையத்தில் விற்கும் "நூறு பிளை ஒரு பெட்டி" வேண்டாம். முள் மெழுகு மாதிரி நிமிர்ந்துவிடும். நல்ல விரால் ஒன்று பிடித்தால் நூறும் வீண்.

"இலக்கம் குழப்பமா இருக்கு. 14 பெரிசோ 4 பெரிசோ?"

4தான் பெரிது. இலக்கம் கூடக் கூட முள் சிறுக்கும். 1க்குப் பிறகு கணக்கு திரும்பும்: 1/0, 2/0 என்று போகப் போகப் பெருக்கும். தவளைக்கு 1 அல்லது 1/0, கிளவுசருக்கு 4 அல்லது 6, வூலி பகருக்கு 8, வண்டுக்கு 10 அல்லது 12, பெசன்ட் டெயிலுக்கு 14. முள் நுனியில் பின்னோக்கி நிற்கும் சின்னக் கொக்கியைக் குறட்டால் நசுக்கி வையுங்கள். மீனை விடுவது எளிது, உங்கள் காதில் ஏறினால் எடுப்பதும் எளிது. நான் அனுபவத்தில் சொல்கிறேன், இடது காது.

நுனித் தங்கூசி: கெண்டைக்கும் யப்பானுக்கும் 4 முதல் 6 இறாத்தல், விராலுக்கு 20. விராலின் பல்லுக்கும் தாமரைத் தண்டுக்கும் அதற்குக் குறைந்தது நிற்காது.

"ஈசல் பறக்கிற நாள் மீன் பைத்தியம் பிடிச்ச மாதிரி நிக்குமாம், உண்மையோ?"

உண்மை. வன்னியில் ட்ரவுட்காரர் சொல்லும் அந்தத் திருவிழாவுக்குக் கிட்ட வருவது இது ஒன்றுதான். நீண்ட வெயிலுக்குப் பிறகு முதல் மழை. சித்திரையில் இடியோடு பெய்வது, அல்லது ஐப்பசியில் மாரி தொடங்குவது. மழை விட்டுப் புழுங்கும் பின்னேரத்தில் புற்றில் இருந்து ஈசல் கிளம்பும். வீட்டில் லைட்டைச் சுற்றிக் கொட்டுவது மாதிரியே குளத்தின் அலைகரையிலும் கொட்டும். கெண்டையில் இருந்து விரால் வரை மேலே வந்து நிற்கும். ஒரு மணித்தியாலம் இருந்தால் அதிகம்.

அன்றைக்குத் தவளையும் கிளவுசரும் ஒன்றுக்கும் உதவாது. மீன் ஈசலையே தின்று பழகிவிட்டது, வேறு எதையும் ஏறெடுத்துப் பார்க்காது. 12ஆம் இலக்க முள்ளில் கபில நிற நுரையை ஒல்லியாகக் கட்டி, பின்னால் சாயும்படி இரண்டு நீள இறகு. செட்டை உடம்பைவிட நீளமாக இருக்கவேண்டும், ஈசலைப் பிடித்துப் பார்த்தால் தெரியும். எறிந்தபின் இழுக்காதீர்கள். விழுந்த ஈசல் நீந்தாது, இருந்த இடத்திலே துடிக்கும். இழுப்பதால் மீனை இழப்பவர்கள்தான் அநேகம் பேர்.

மச்சான் இதைத் தேடி மூன்று தடவை வந்தார், மூன்று தடவையும் மழை பிந்தியது. நாள் குறித்து விமானச் சீட்டு எடுக்க முடியாத விஷயம் இது.

"விராலுக்குத் தவளை எண்டு எல்லாரும் சொல்லினம். எங்க எறியிறது?"

தாமரை, ஆம்பல் இலைகளின் ஓரம், மிதக்கும் சல்வீனியாக் களையில் விழுந்த ஓட்டை, அலைகரையில் தண்ணிக்குள் நிற்கும் பட்ட மரத்தின் அடி. காலை எட்டு மணிக்கு முன், பின்னேரம் நாலரைக்குப் பின். பட்டப்பகலில் நிழல் இருந்தால் மட்டும்.

விரால் காற்றை நேரே குடிக்கும் மீன். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை மேலே வந்து "ப்ளக்" என்று ஒரு வாய் எடுத்துவிட்டுக் கீழே போகும். புதிதாக வருகிறவர் அந்தச் சத்தத்தை இரை பிடித்ததாக நினைத்து அதன் தலையிலேயே தவளையைப் போடுவார். மீன் ஓடிவிடும். சத்தம் வந்த இடத்துக்கு ஐந்தாறு அடி அப்பால், முடிந்தால் இலைக்கு மேலேயே போடுங்கள். அங்கிருந்து தண்ணிக்குள் வழுக்கி விழவேண்டும். பிறகு இரண்டு சின்ன இழுவை, ஒரு நிறுத்தம். நிறுத்தத்தில்தான் அடிக்கும்.

"நாலு விரால் அடிச்சிது, ஒண்டும் கொளுவேல்லை. பிளை பிழையோ?"

பிளை அநேகமாகச் சரி, கை பிழை. ட்ரவுட்டுக்குப் பழகியவர் தடியை மேலே தூக்குவார். மிதக்கும் தவளையைத் தூக்கினால் அது மீனின் வாயில் இருந்து பறந்து வந்து உங்கள் முகத்தில் அடிக்கும். தடியைத் தண்ணிக்கு நேரே நீட்டி வைத்து, தவளை மறைந்ததும் ஒரு கணம் பொறுத்து, இடது கையால் நூலைச் சுண்டி இழுங்கள். தடி பிறகுதான் எழவேண்டும்.

இன்னொன்று, குளக்கட்டில் நின்று எறிந்தால் பின்னால் போகும் பிளை அலைதாங்கிக் கற்களில் அடிக்கும். முள்ளின் நுனி ஒடிந்தது தெரியாமல் அரை நாள் எறிந்திருக்கிறேன். நகத்தில் வைத்து உரசிப் பாருங்கள். வழுக்கினால் முள் மொட்டை.

"செம்மஞ்சள் குஞ்சுக் கூட்டத்துக்குப் பக்கத்தில எறிஞ்சா நிச்சயம் அடிக்குமாமே?"

அடிக்கும். பசிக்கு இல்லை, குஞ்சைக் காப்பாற்ற. தாயும் தகப்பனும் கூட்டத்துக்குக் கீழேயே நிற்கும். அதைத் தூக்கிவிட்டால் பத்து நிமிடத்தில் மற்ற மீன்கள் குஞ்சு முழுவதையும் முடித்துவிடும். நான் எறிவதில்லை. ஊரில் பலர் எறிகிறார்கள், குழம்புக்கு. அவர்களோடு சண்டை பிடிப்பதும் இல்லை. ஆனால் பிடித்துப் படம் எடுத்துவிட்டு விடுவதற்காக வருகிறவருக்கு இந்த மீன் எதற்கு?

"யப்பான் மீன் பாசியல்லோ தின்னுறது. அது எப்பிடிப் பிளைக்கு வரும்?"

பாசிதான் பிரதானம், அதோடு அடியில் உள்ள புழுவையும் சேர்த்து உறிஞ்சும். ஆபிரிக்காவைச் சொந்த இடமாகக் கொண்ட இந்த மீன் 1952இல் இலங்கைக்கு வந்தது. இன்று நம் குளத்து மீன்பிடியே அதில்தான் நிற்கிறது. கரையோரத்தில் வட்ட வட்டக் குழி தெரிந்தால் அது ஆண் கட்டிய கூடு. பெண் முட்டையை வாய்க்குள்ளே வைத்துக் காக்கும், அந்த நாட்களில் தின்னாது. ஆகவே தெரிகிற மீன் எல்லாம் வரும் மீன் இல்லை.

பெசன்ட் டெயிலைக் குழிகளுக்கு வெளியே உள்ள ஆழத்தில் மெதுவாக, மிக மெதுவாக நகர்த்துங்கள். மீன் கவ்வுவது கைக்குத் தெரியாது. நூல் நுனியில் ஒரு சின்னத் தக்கை வைத்தால் அது நின்று சாயும். இப்போது அந்த ஆறாவது பிளை: வெள்ளைக் கம்பளி நூலைப் பாண் துண்டு மாதிரி உருட்டிக் கட்டியது. குளிக்கும் துறையில், சனம் சோறும் பாணும் போடும் இடத்தில், இதுதான் முதல் எறியில் மீன் தருவது. பச்சைக் கம்பளி நூலில் கட்டினால் பாசி. இதைப் பிளை என்று சொல்லலாமா என்று மச்சான் கேட்டார், பிறகு தானும் நாலு கட்டினார்.

"குளம் காணும். ஆறுகளில எப்பிடி? ஓடையில எறியத்தான் எனக்கு ஆசை."

ஆசை நல்லது, மாதம்தான் முக்கியம். கனகராயன் ஆறு, பேராறு, பாலியாறு, பறங்கியாறு எல்லாம் மாரிக்கு ஓடி கோடைக்கு வற்றுகிறவை. 164 கிலோமீற்றர் நீளமுள்ள அருவியாறுகூடக் கோடையில் மணலாகத்தான் தெரியும். ஓகஸ்ட்டில் வருகிறவருக்கு ஓடை இல்லை, மடு இருக்கிறது. நம் ஊர்ப் பெயர்களே சொல்லுகின்றன: இரணைமடு, விசுவமடு, கல்மடு. ஆறு வற்றும்போது மீன் எல்லாம் வளைவுகளில் உள்ள ஆழமான மடுக்களில் ஒதுங்கும். மேலே மருத மரம் குடை பிடித்து நிற்கும்.

அங்கே இரை மேலே இருந்து விழுகிறது. முசுறு, வண்டு, தத்துவெட்டி. நுரை வண்டுதான் முதல் தெரிவு, 12ஆம் இலக்கம், கறுப்பு அல்லது சிவந்த கபிலம். "டொப்" என்று விழட்டும், மெதுவாக இறக்கவேண்டாம். கெண்டைகள் அந்தச் சத்தத்துக்குத்தான் திரும்பும். தெளிந்த தண்ணி என்பதால் நீங்கள் மீனைக் காண்பதற்கு முன் மீன் உங்களைக் காணும். நிழலில் குந்தியிருந்து எறியுங்கள். மரம் நெருக்கமாக நின்றால் பின்னால் வீச இடமில்லை. நூலைத் தண்ணியிலேயே வைத்து முன்னால் உருட்டி எறியப் பழகிக்கொண்டு வாருங்கள்.

ஓடுகிற ஓடைதான் வேண்டும் என்றால் தை, மாசி. வெள்ளம் வடிந்து தண்ணி தெளிந்திருக்கும். அப்போது கற்களுக்குப் பின்னால் பெசன்ட் டெயில், மரங்களுக்குக் கீழே வண்டு.

"குளம் நிறைஞ்சு வான் பாயேக்க மீன் குவிஞ்சு நிக்கும். அதுக்கு எது?"

கிளவுசர். பென்சில்வேனியாவில் பொப் கிளவுசர் என்பவர் 1980களில் கட்டத் தொடங்கியது. ஈயக் கண் இரண்டையும் முள்ளின் தண்டில் ஒரு பக்கமாகக் கட்டுவதால் பிளை கவிழ்ந்து, முள் மேலே பார்த்தபடி போகும். கல்லில் கொளுவுவது குறைவு. மிஞ்சிய தண்ணி வழியும் வானுக்குக் கீழே புதுத்தண்ணிக்கு எதிர்த்து ஏறும் சின்ன மீனைப் பெரிய மீன் துரத்தும், கிளவுசர் அந்தச் சின்ன மீன்.

தண்ணி தேநீர் நிறமாக இருந்தால் வெள்ளை வேண்டாம், கறுப்பு வூலி பகரைப் போடுங்கள். கலங்கல் தண்ணியில் கீழே இருந்து பார்க்கும் மீனுக்குக் கறுப்பு நிழல்தான் தெளிவாகத் தெரியும். கதவுகளுக்கு நேர் கீழே நிற்காதீர்கள். மேலே திறந்தால் கீழே நிற்பவருக்குச் சொல்லிவிட்டுத் தண்ணி வராது.

"ஆறு கடலோட சேருற இடத்தில கொடுவா இருக்காமே?"

இருக்கிறது. அதே கிளவுசர், 1/0க்கு மேல், வெள்ளை. உப்புத் தண்ணிக்குத் துருப்பிடிக்காத முள். ஆனால் கனகராயன் ஆறு போய்ச் சேரும் சுண்டிக்குளம் 2015 முதல் தேசியப் பூங்கா. அங்கே தடியோடு போகாதீர்கள். மற்றக் களப்புகளிலும் எந்த எல்லை எதுவென்று முதலில் விசாரியுங்கள்.

"யாரிட்டக் கேக்கவேணும்? சும்மா போய் எறியலாம்தானே?"

பெரிய குளம் ஒவ்வொன்றிலும் நன்னீர் மீன்பிடியாளர் சங்கம் இருக்கும். குளத்தில் மீன் குஞ்சு விட்டு அதில் சீவிக்கிறவர்கள் அவர்கள்தான். வாடிக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லுங்கள். வலை எங்கே கிடக்கிறது, முதலை எங்கே படுக்கிறது என்பதும் அங்கேதான் தெரியவரும். முதலை இல்லாத குளம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். இடுப்பளவு தண்ணியில் இறங்கி எறிவது உங்கள் ஊருக்குச் சரி, இங்கே கரையில் நின்று எறியுங்கள்.

கண்ணிவெடி இன்னும் முழுதாக அகற்றி முடியவில்லை. சிவப்புப் பலகையைக் கண்டால் திரும்புங்கள். பலகை இல்லாத இடத்திலும் பற்றைக்குள் புதுப்பாதை போடாமல் மாடும் சனமும் நடக்கும் பாதையால் மட்டும் போங்கள். பிளை மரத்தில் மாட்டினாலும் இதே சட்டம்தான். காலில் புண் இருந்தால் வயல் வாய்க்காலுக்குள் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல்.

"இங்கேயே கட்டலாமோ? சாமான் கிடைக்குமோ?"

முள்ளை மட்டும் அங்கிருந்து கொண்டு வாருங்கள். மற்றது எல்லாம் வீட்டில் இருக்கிறது. பிய்ந்த பாட்டாச் செருப்பின் நுரை வண்டுக்கும் தவளைக்கும். தையல் நூல். சேவலின் கழுத்து இறகு. ஆட்டின் மயிர் கிளவுசருக்கு, வெள்ளாடு என்றால் இன்னும் நல்லது. முடிச்சு அவிழாமல் இருக்க அக்காவின் கியூடெக்ஸ், கேட்டுவிட்டு.

காட்டில் விழுந்து கிடக்கும் மயில் பீலியின் ஓர இழைகள் வூலி பகரின் உடம்புக்கு அருமையானவை. மயில் பாதுகாக்கப்பட்ட பறவை, பிடுங்க நினைக்கவேண்டாம். பீலியைப் பெட்டியில் வைத்து நாட்டைவிட்டுக் கொண்டு போகவும் வேண்டாம். அவுஸ்திரேலியா, நியூசிலாந்துக்குத் திரும்புகிறவர்கள் இறகு கட்டிய பிளையைக்கூட விமான நிலையத்தில் அறிவிக்கவேண்டும்.

"பிளையில ஒரு மண்புழுத் துண்டையும் கொளுவினா என்ன?"

மீன் கூடுதலாக வரும். எறியும்போது புழு பறந்து போகும்.

"பின்னால துரத்திக்கொண்டு வந்து, கரைக்குக் கிட்ட வந்து திரும்பிப் போகுது. நிறத்தை மாத்தவோ?"

நிறத்தைக் கடைசியில் மாற்றுங்கள். முதலில் இழுவையை மாற்றுங்கள். துரத்துவது குறவையோ விராலோ என்றால் நிறுத்தாமல் வேகத்தைக் கூட்டுங்கள்; ஓடுகிறதை விட அதற்கு மனம் வராது. மேலே தவளைக்குச் சொன்ன நிறுத்தம் மிதக்கும் பிளைக்கு. தண்ணிக்குள் போவது திடீரென்று நின்றால் மீனுக்குச் சந்தேகம் வரும். அதற்கும் வரவில்லை என்றால் ஒரு இலக்கம் சின்னப் பிளை, பிறகு மெல்லிய தங்கூசி. இவ்வளவும் செய்தபின் நிறம்.

அதற்கும் திரும்பிப் போனால் அது உங்களைக் கண்டுவிட்டது. பத்து அடி பின்னுக்குப் போய் இருந்து ஒரு தேத்தண்ணி குடியுங்கள். அதே இடத்துக்கு, அதே பிளையோடு திரும்பி வாருங்கள்.

"பொடியன் தவளையை மருத மரத்தில மாட்டிப்போட்டான். ஏறி எடுக்கலாமோ?"

கொப்பில் இலைகளைச் சேர்த்து ஒட்டின முசுறுக் கூடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் நூலை அறுத்து விட்டுவிட்டு வாருங்கள். அடுத்த பாட்டா பிய்ந்ததும் வேறொன்று கட்டித் தருகிறேன்.